மண்ணும் கண்ணாடியும்

இதழுக்கு வரும் கவிதைகளில் பெரும்பாலானவை இயற்கையைப் பற்றியவை. மலை உண்டு, மேகம் உண்டு, ‘பெயர் தெரியாத பறவை’ ஒன்று தவறாமல் உண்டு. கடைசி வரியில் பிரபஞ்சப் பேரமைதி வந்து உட்கார்ந்துவிடும். எழுதியவர் தேரூர்க்காரராக இருப்பார். வீட்டை விட்டு நாலு எட்டு வைத்தால் குளம், 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறிய சுசீந்திரம் தேரூர் நீர்நிலை. அந்தப் பறவையின் பெயரை யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

வியப்பை எங்கோ தொலைவில் வைத்துத் தேடுகிறோம். நாஞ்சில் நாட்டு வழிபாடு அப்படித் தேடியதில்லை. நாகர்கோவிலுக்குப் பெயர் தந்த நாகராஜா கோயிலில் மூலவருக்கு மேலே இன்றும் ஓலைக்கூரைதான்; ஆண்டுதோறும் புதிதாக வேய்கிறார்கள். கருவறைத் தரை ஈரம் ஊறும் மண். அந்த மண்ணைத்தான் பிரசாதமாகக் கையில் தருகிறார்கள். ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெளுப்பாகவும் இருக்கும் என்பார்கள். ஏன் என்று மண்ணியல் படித்தவர்கள் சொன்னால் ஆவலாய்க் கேட்போம். ஆனால் வயலை நம்பிப் பிழைத்த நாடு, அந்த ஈரமண்ணையே நெற்றியில் பூசிக்கொள்கிறதே, அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆடியில் நிறைபுத்தரிசிக் கதிரை வாங்கிவந்து வாசல் நிலையில் கட்டுவதும் இந்த வகைதான். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் விளைந்த வயல்கள் ஒவ்வொன்றாக பிளாட் ஆகிவரும் காலத்தில் அந்தக் கதிர் எத்தனை நாளைக்குக் கிடைக்குமோ.

சாமித்தோப்புப் பதியில் கருவறைக்குள் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. எதிரே விளக்கு. கும்பிடப் போனவர் தம் முகத்தையே பார்க்கிறார். இதை வெறும் தத்துவமாக வாசிப்பவர்கள் திருவிதாங்கூர் வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். கோயில் தெருவில் நடக்கக்கூடாது என்று விலக்கப்பட்டவர்களை, தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து அந்தக் கண்ணாடி முன் நிற்கச் செய்தது அய்யா வைகுண்டர் (1809–1851) வகுத்த வழி. தன் முகம் கும்பிடத் தக்கது என்று முதன்முதலாக ஒருவர் கண்டுகொண்ட கணத்தை நினைத்துப் பாருங்கள். பின்னாளில் நாராயண குருவும் 1927-இல் சேர்த்தலைக்குப் பக்கம் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். இளமையில் அவர் தவமிருந்தது நம் மருந்துவாழ்மலையில்தான். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததா என்பதை ஆய்வாளர்கள் வாதாடி முடிக்கட்டும்.

குளக்கரைக்கு வருவோம். தாமரை இலைமேல் நீளவால் இலைக்கோழி நடப்பதைப் பாருங்கள். உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் விரல்கள். பாரம் பரவிவிடுவதால் இலை லேசாக அமிழும், முங்காது. முட்டையிட்டதும் பெட்டை அடுத்த சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் தகப்பன் பாடு. இதைக் கண்டவருக்குப் பேரமைதி வராது, சிரிப்புத்தான் வரும். நம்மைக் கேட்டால் அதுவும் ஒரு கும்பிடுதான்.

அடுத்த இதழில் கவிதைப் பக்கங்களைக் குறைத்துக்கொண்டு குளக்குறிப்புகள் வெளியிட இருக்கிறோம். அவரவர் ஊர்க் குளம் ஒன்று போதும். எந்த மாதம் நிறைகிறது, எந்த மடை அடைபட்டுக் கிடக்கிறது, கரையில் என்ன மரம், என்ன பறவை, குளத்தில் எவ்வளவு தூர்ந்துபோயிற்று, யார் வளைத்துப் போட்டார்கள் என்பது வரை எழுதலாம். பெயர்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மிக வேண்டாம். ஐப்பசிக்குள் வந்துசேர்ந்தால் மார்கழி இதழில் இடம் உண்டு.