பேஸ் குறையுதா? ஆம்ப்ளிஃபையரை மாற்றும் முன் காஸ்கெட்டைப் பாருங்கள்!

வாங்கிய புதிதில் 'தும் தும்' என்று அதிர்ந்த ஸ்பீக்கர், நாலு வருஷத்தில் தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது. 'ஆம்ப்ளிஃபையர் பவர் பத்தல', 'டிரைவர் போச்சு' என்றுதான் முதலில் தோன்றும். ஆனால், கோளாறு இரண்டிலும் இல்லாமல் இருக்கலாம். டிரைவரும் மரப்பெட்டியும் சேரும் இடத்தில் காற்று கசிந்தாலே பேஸ் போய்விடும். அந்த இடத்தை அடைக்கும் மெல்லிய வளையம்தான் காஸ்கெட்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வார்த்தை புதிதல்ல. அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் உள்ள ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. காஸ்கெட் இல்லாமல் ஒரு இன்ஜினும் ஓடாது என்பது அங்கே பயிற்சிக்கு வரும் ஐடிஐ மாணவருக்கும் தெரியும். அதே பாடம்தான் ரூமில் இருக்கும் ஸ்பீக்கருக்கும்.

காற்று கசிந்தால் பேஸ் ஏன் போகுது?

டிரைவரின் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்றில் அழுத்தம் கூடும். அதே நொடி பின்பக்கத்தில் குறையும். இந்த இரண்டு அலைகளும் இடைவெளி வழியாகச் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். அடி முதலில் விழுவது பேஸுக்குத்தான்.

1954-ல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் உருவாக்கிய ஏஆர்-1 ஸ்பீக்கர், சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் தந்தது. உள்ளே அடைபட்ட காற்றையே அவர் கூம்புக்கு ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். பெட்டி கசிந்தால் அந்த ஸ்பிரிங்கும் காலி.

எப்படிக் கண்டுபிடிப்பது?

துளையே இல்லாத மூடிய பெட்டி என்றால், கூம்பை விரல்களால் மெதுவாக, நேராக உள்ளே அழுத்தி விடுங்கள். நிதானமாகத் திரும்பினால் பெட்டி நன்றாக அடைபட்டிருக்கிறது. சட்டென்று திரும்பினால் எங்கோ கசிவு இருக்கிறது.

வீட்டிலேயே செய்வது எப்படி?

* ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் 2 மி.மீ. ஃபோம் ஷீட் போதும். கார்க் ஷீட்டும் ஓகே.
* டிரைவரைக் கழற்றி, ஷீட்டின் மேல் வைத்து வெளி விளிம்பை வரையுங்கள். பெட்டியின் ஓட்டை அளவை உள்வட்டமாக வரைந்து வெட்டுங்கள்.
* வளையம் டிரைவரின் இரும்புச் சட்டத்தில் மட்டும் படியவேண்டும். கூம்பின் ரப்பர் ஓரத்தைத் தொட்டால் 'கரகர' சத்தம் வரும்.
* ஸ்க்ரூ ஓட்டைகளைப் போட்டு, கார் வீல் நட் மாதிரி எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஓவராக முடுக்கினால் சட்டம் வளையும்; மரத்தூள் பலகையில் ஸ்க்ரூ பிடிப்பும் போய்விடும்.

சிலிகான் தடவினால் போதாதா?

கசிவு நிற்கும். ஆனால், அடுத்த முறை ரிப்பேருக்குக் கழற்றும்போது நெம்ப வேண்டிவரும். சட்டம் வளையலாம், கூம்பு கிழியலாம். கசிவை அடைப்பது மட்டுமல்ல, திரும்பத் திறக்க விடுவதும் காஸ்கெட்டின் வேலை. பசை அந்த இரண்டாவது வேலையைச் செய்யாது.

சிக்கல் பயனாளர்களோடு முடியவில்லை. இன்றைய சின்ன ஸ்பீக்கர்கள் பலவும் பசையால் ஒட்டியே விற்பனைக்கு வருகின்றன. பழுதுபார்க்கும் உரிமைக்கான விதிமுறைகளை வகுக்க மத்திய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்தபோது, வாகனங்களோடு வீட்டு உபயோகச் சாதனங்களும் அதன் பட்டியலில் இருந்தன. இன்ஜினைத் திறந்து, புது காஸ்கெட் போட்டு மூடுவதை வாகனத் துறை இயல்பாகச் செய்கிறது. ஸ்பீக்கர் நிறுவனங்களால் ஏன் முடியாது? ஒட்டுவதற்குப் பதில் ஸ்க்ரூ, கூடவே மாற்று காஸ்கெட்: கேட்பது இவ்வளவுதான். அதுவரை ஒரு ஃபோம் ஷீட்டும் கத்தரிக்கோலும், குப்பைக்குப் போகவிருந்த ஸ்பீக்கரைக் காப்பாற்றலாம்.