பிள்ளைகளிடம் முதலில் வீடு பேசட்டும்

நீலகிரி அருவங்காட்டின் கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலையில் எது எதனால் தீப்பிடிக்கும் என்று சொல்லிக்கொடுக்காமல் ஒரு தொழிலாளியை வேலையில் கை வைக்க விடுவதில்லை. சொல்லிக்கொடுத்தால் தீ வைத்துவிடுவார் என்று அங்கே யாரும் அஞ்சுவதும் இல்லை. நூறாண்டுக்கு மேலாக வெடிமருந்தோடு பழகிய இந்த ஊரிலும், சுற்றியுள்ள படுகர் ஊர்களான ஹட்டிகளிலும், தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலும், பிள்ளைகளின் உடலைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மட்டும் பெரியவர்கள் வாயடைத்துப் போகிறோம். “அதெல்லாம் வயசு வந்தா தானா தெரிஞ்சிக்கும்” என்று தள்ளிவிடுகிறோம்.

தானாகத் தெரிவதில்லை. 2025 ஜூலையில் ஊட்டி அருகே ஓர் அரசுப் பள்ளியில் காவல்துறையினர் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பற்றி மாணவிகளிடம் பேசினார்கள். அதைத் தொடர்ந்தே இருபதுக்கும் மேற்பட்ட சிறுமிகளின் புகார் வெளியே வந்தது. ஆசிரியர் ஒருவர், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் கைது செய்யப்பட்டார். குற்றம் உண்டா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் வெளியிலிருந்து காவலர்கள் வந்து பேசிய பிறகே இது வெளிப்பட்டது என்பது, நீலகிரியின் ஒவ்வொரு தாய் தந்தையின் தூக்கத்தையும் கெடுத்திருக்க வேண்டும்.

இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நேரில் கேட்டு எழுதப்பட்டது. அவர்களில் 53 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். “எனக்குப் பொண்ணு இல்லை, கவலை இல்லை” என்று இருக்கும் வீடுகள் இந்த எண்ணை இன்னொரு முறை படிக்க வேண்டும். தொல்லை தந்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். முன்பின் அறியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே என்று மட்டும் சொல்லி வளர்ப்பது போதவே போதாது.

சொல்லிக்கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடும் என்பதுதான் நாம் அதிகம் கேட்கும் மறுப்பு. இதே அச்சத்தில்தான் 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலங்கள் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை நிறுத்தின. அச்சம் உண்மையானது, ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. யுனெஸ்கோவும் உலக சுகாதார நிறுவனமும் பிற ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பாலியல் கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே உடலுறவுக்குத் தள்ளுவதில்லை என்கிறது. நாம் சொல்லாவிட்டாலும் பிள்ளை கேட்டறியும். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்குப் பிறகு போன் இல்லாத வீடு அரிது. அந்தப் போன் காட்டுவது அன்பும் இல்லை, சம்மதமும் இல்லை.

நம் வழக்கத்தையே பாருங்கள். மகள் வயதுக்கு வந்தால் பந்தல் போட்டு, பிளெக்ஸ் வைத்து, தாய்மாமன் சீர் வரிசையோடு மஞ்சள் நீராட்டு நடத்துகிறோம். ஊருக்கே செய்தி போகிறது. ஆனால் அந்த ரத்தம் ஏன் வந்தது, இனி மாதந்தோறும் வருமே, அது நோயில்லை என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. உள்ளாடையில் ரத்தத்தைக் கண்டு, ஏதோ புற்றுநோய் வந்துவிட்டது என்று அழுது நடுங்கும் சிறுமிகள் இன்றும் இருக்கிறார்கள். அரசு 2012 முதல் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் தருகிறது. நாப்கினை அரசு தரலாம். அதன் அர்த்தத்தை ஒன்பது, பத்து வயதிலேயே அம்மா சொல்லியிருக்க வேண்டும்.

மகனுக்கு அதுவும் இல்லை. குரல் உடைவதும் தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் அவனுக்குப் பெரும் அச்சம். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லிக் காசு பறிக்கும் லாட்ஜ் வைத்தியர்களும் பத்திரிகைப் பின்பக்கத்து விளம்பரக்காரர்களும் அந்த அச்சத்தை வைத்தே பிழைக்கிறார்கள். “இது எல்லாருக்கும் வர்றதுதாம்பா, எனக்கும் வந்துச்சு” என்று தந்தை சொன்னால் அந்தக் கடை மூடிவிடும்.

சட்டத்தையும் வீட்டில் சொல்ல வேண்டும். 2012இன் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் தரும் சம்மதம் சம்மதமே ஆகாது. பதினேழு வயதுக் காதல் காவல் நிலையத்தில் முடிந்து, இரு குடும்பங்களும் சிதைந்த பிறகே பல பெற்றோருக்கு இது தெரியவருகிறது. சிறுவர் சிறுமியரின் ஆபாசப் படத்தைப் போனில் வைத்திருப்பது குற்றமில்லை என்று கருதும் இளைஞர்கள் உண்டு. சென்னை இளைஞர் ஒருவர் மீதான அத்தகைய வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. ஆனால் 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அதே தீர்ப்பில் முறையான பாலியல் கல்வி தேவை என்றும் வலியுறுத்தியது.

எங்கே தொடங்குவது? மூன்று வயதில், குளிப்பாட்டும்போது. கை, கால், மூக்கு என்று சொல்வதுபோலவே மறைவுறுப்புகளுக்கும் பெயர் சொல்லுங்கள். எங்கே என்ன நடந்தது என்று பின்னால் ஒரு பிள்ளை சொல்ல நேர்ந்தால் அந்தப் பெயர்தான் உதவும். “நான் எப்படிப் பொறந்தேன்?” என்று கேட்டால் தவிட்டுக்கு வாங்கினோம் என்று சொல்லி அனுப்பாதீர்கள். அம்மா வயிற்றில் கருப்பையில் வளர்ந்தாய் என்பது ஐந்து வயதுக்குப் போதுமான, உண்மையான பதில். மாமாவோ தாத்தாவோ கேட்டாலும், முத்தம் கொடுக்கப் பிடிக்கவில்லை என்றால் கொடுக்காமல் இருக்க விடுங்கள். பிள்ளை ஏதாவது வந்து சொன்னால், “நீ ஏன் அங்கே போனே?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகு அது எதையும் சொல்லாது.

காலையில் இலை பறிக்கப் போய் மாலையில் திரும்பும் தாய்க்கும், ஷிப்ட் முடிந்து களைத்து வரும் தந்தைக்கும் இது கூடுதல் சுமைதான். ஆனால் இருவருமே எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்தாலும் இதைச் செய்ய முடியும். தொல்லை வீட்டுக்குள்ளிருந்தே வரும் குடும்பங்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்காகப் பள்ளிப் பாடமும் கட்டாயம் வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக்களும், தொழிற்சங்கங்களும், ஹட்டிப் பெரியவர்களும், கோயில், தேவாலயக் குழுக்களும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரை அழைத்துப் பெற்றோரோடு பேச வைக்கலாம். காசு செலவில்லாத காரியம் இது. தயங்க ஒரு காரணமும் இல்லை.

பிள்ளைக்கு ஏதேனும் நடந்திருந்தால் குடும்ப மானம் என்று மூடி மறைக்காதீர்கள். மறைப்பதும் சட்டப்படி குற்றம். குழந்தையின் வாக்குமூலத்தைக் காவலர் சீருடை இல்லாமல்தான் பதிவு செய்ய வேண்டும், பெயரை எவரும் வெளியிடக் கூடாது என்று சட்டமே காப்பளிக்கிறது. உதவிக்கு 1098 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். இன்று இரவே அந்த எண்ணை உங்கள் பிள்ளைக்கு மனப்பாடம் செய்து கொடுங்கள். அது எதற்கு என்று பிள்ளை கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள்.