அச்சமும் அருவருப்பும்

திகிற்கதைகளைக் கல்லூரி மாணவர் கையாலுந் தொடலாகாது என்பார் நம்மிற் பலர். அவர் கூற்றை யாம் முழுதும் ஒப்புகிலேம். முழுதும் மறுக்கவும் இயலவில்லை. இலண்டன் பான் பதிப்பகத்தார் 1959 முதல் 1989 வரை வெளியிட்ட திகிற் சிறுகதைத் தொகுதிகள் முப்பதுமே இதற்குக் காரணம்.

முதல் 25 தொகுதிகளைத் தொகுத்தவர் ஹெர்பர்ட் வான் தால் என்பார். முதற்றொகுதியிலுள்ள மூரியல் ஸ்பார்க் அம்மையாரின் 'போர்ட்டபெல்லோ வீதி' என்னுங் கதையைக் கொலையுண்ட பெண்ணே சொல்லுகின்றாள். மக்கள் நெருங்கிய கடைத்தெருவில் தன்னைக் கொன்றவனை அவள் பெயர்சொல்லி அழைக்கின்றாள். அவனுடன் வந்த மனைவிக்கோ அவள் புலப்படவில்லை. அலறலில்லை, ஆர்ப்பாட்டமில்லை, எனினும் கொன்றவன் நெஞ்சம் படும் பாடு நம்மையும் நடுக்குகின்றது. குற்றத்தின் நிழலை இங்ஙனங் காட்டுங் கதையால் மாணவர்க்கு என்ன கேடு விளையும்?

அத்தொகுதி முற்றும் இத்தகையதென்று சொல்லோம். அதிலுள்ள பிராம் ஸ்டோக்கர் கதையிற் குருதி மிகவுண்டு. ஆயினும் விளையாட்டாகக் கல்லைப் போட்டுப் பூனைக்குட்டியைக் கொன்றவன் தாய்ப்பூனையின் சினத்திற்கு இரையாகின்றானாதலின், அக்குருதிக்கு ஒரு முறையுண்டு.

பிற்காலத் தொகுதிகளில் இம்முறை அருகிற்று. உறுப்புகளை அறுத்தலும் சித்திரவதையுமே கதைப்பொருளாகப் பெருகின. அச்சத்தையும் இளிவரலையும் தொல்காப்பியர் வெவ்வேறு மெய்ப்பாடுகளாக எண்ணினார். இவரோ ஒன்றைக் காட்டி மற்றொன்றை விற்றனர். 1983-இல் வான் தால் மறைந்தபின் எஞ்சிய ஐந்தையுங் கிளாரன்ஸ் பேஜட் தொகுத்தார். அவ்வளவில் வரிசை நின்றது.

முதற்றொகுதி 2010-இல் மறுபதிப்புப் பெற்றது. நம் நூல்நிலையத்தார் அதனை வாங்கி வைப்பாராக. கடைசித் தொகுதிகளுக்காகும் பணத்திற்கு வேறு நூல் வாங்கலாம்.