வேதமும் பிரம்பும்

இங்கிலாந்து தேசத்தில் 2005ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 24ந் தேதி பிரபுக்கள் சபை நியாயாதிபதிகள் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். வழக்குத் தொடுத்தவர்கள் சில கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்களின் தலைமை உபாத்தியாயர்களும், உபாத்தியாயர்களும், அப்பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைச் சேர்த்திருந்த பெற்றோர்களுமாவார்கள். பிள்ளைகளை அடித்துத் திருத்துவது தங்கள் மதக் கட்டளையென்றும், எந்தப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளை அடிக்கக் கூடாதென்று சர்க்கார் செய்த சட்டம் தங்கள் மத சுதந்திரத்தைப் பறிக்கின்றதென்றும், ஆகவே தங்கள் பள்ளிக்கூடங்களுக்கு மாத்திரம் அடிக்கும் உரிமை வேண்டுமென்றும் அவர்கள் கேட்டார்கள்.

அடிக்கும் விதத்தையும் ஒளிக்காமல் சொன்னார்கள். பையனானால் மெல்லிய அகலமான மட்டையால் பிருஷ்டத்தில் அடிப்பது. பெண்ணானால் கையில் வாரால் அடிப்பது. அடித்து முடிந்ததும் ஒருவர் பிள்ளையைத் தேற்றி, ஜெபம் செய்யும்படி சொல்லுவது. நமது ஊர்க் கோயில்களில் கிடாயின் மேல் தண்ணீரைத் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்தவுடன் உத்தரவு கிடைத்துவிட்டதென்று கழுத்தில் அரிவாளைப் போடுகின்றார்களே, அந்த ஞாபகந்தான் இதைப் படித்தபோது நமக்கு வந்தது. அங்கு ஜெபம் பின்னால் வருகின்றது, இங்கு முன்னால் வருகின்றது.

நியாயாதிபதிகள் ஐவரும் ஒரே முகமாய் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் தீர்ப்பைக் காட்டிலும் அவர்களில் ஒருவரான ஹேல் அம்மையார் எடுத்துக்காட்டிய ஒரு சங்கதிதான் நமக்கு முக்கியமாகப் படுகின்றது. வழக்கு முழுவதும் பிள்ளைகளைப் பற்றியதாயிருந்தும், கீழ்க் கோர்ட்டு முதல் அந்தக் கோர்ட்டு வரையில் பிள்ளைகளுக்காகப் பேச ஒருவர்கூட வரவில்லை என்பதே அது. தென்னாப்பிரிக்காவிலும் 2000ஆம் வருஷத்தில் இதே மாதிரி வழக்கொன்று நடந்தது. 196 கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்களைச் சேர்ந்த ஒரு சங்கம் பிரம்பைக் கேட்டுக்கொண்டு அரசியல் சட்டக் கோர்ட்டுக்குப் போயிற்று. தீர்ப்பு எழுதியவர் ஆல்பி சாக்ஸ் என்பவர். வெள்ளை நிறவெறி சர்க்காரின் ஆட்கள் 1988ல் வைத்த வெடிகுண்டில் ஒரு கையை இழந்தவர். அவரும் வழக்கைத் தள்ளினார். அவரும் பிள்ளைகளின் தரப்பைச் சொல்ல ஆளில்லாமல் போனதைக் குறிப்பிட்டார். முதுகு யாருடையதோ அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் வக்கீல் இருந்திருக்கின்றார்கள்!

நிற்க. கடவுளுக்கும் பிரம்புக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் மிகப் பழையது. சாலமோன் ராஜா பெயரால் வழங்கும் நீதிமொழிகள், மகனைப் பிரம்பால் திருத்தாத தகப்பனை அந்த மகனுக்குப் பகைவனாகவே வைத்துப் பேசுகின்றது. அதே வேதத்தின் உபாகமத்தில், சொன்னபடி கேளாத மகனைத் தாயும் தகப்பனும் பிடித்து ஊர்ப் பெரியவர்களிடம் ஒப்புவிக்க, ஊரார் கூடிக் கல்லாலெறிந்து கொல்ல வேண்டுமென்று விதி இருக்கின்றது. முன்னதைக் கடவுள் வாக்கென்று கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் பின்னதை ஏன் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள் என்று கேட்கின்றோம். கல்லெறிவதை மனிதனுடைய அறிவு தள்ளிவிட்டது. பிரம்பை இன்னும் தள்ளி முடியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதானே ஒழிய, கடவுள் வந்து ஒன்றை ரத்து செய்துவிட்டு மற்றொன்றை நிறுத்தி வைத்ததாக நமக்குத் தகவல் இல்லை.

சாலமோன் வீட்டில் பிள்ளை வளர்ப்பு என்ன பலன் கொடுத்தது என்பதற்கும் அந்த வேதமே சாட்சி. அவருக்குப் பின் பட்டத்திற்கு வந்த மகன் ரெகொபெயாம், வரிப்பாரத்தையும் வேலைப்பாரத்தையும் குறைக்கும்படி கேட்க வந்த குடிகளிடம், தகப்பன் காலத்துச் சவுக்குக்குப் பதில் இனிமேல் தேள்தான் என்கின்ற மாதிரி பதில் சொல்லி அனுப்பியதாகவும், உடனே பன்னிரண்டு கோத்திரங்களில் பத்து அவரைவிட்டுப் பிரிந்து போய்விட்டதாகவும் அதில் எழுதியிருக்கின்றது. உலகத்தார் பிள்ளை வளர்க்கப் புத்தி கேட்கப் போகும் வீடு இதுதான்!

இஸ்லாத்திலும் பத்து வயதாகியும் தொழாத பிள்ளையை அடிக்கச் சொல்லும் ஹதீஸ் உண்டு. இதையெல்லாம் பார்த்து நம்மூர் வைதீகர்கள், அன்னிய மதங்களின் யோக்கியதையைப் பாருங்கள் என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். மனுதர்ம சாஸ்திரம் எட்டாவது அத்தியாயம் 299, 300 சுலோகங்களில், பெண்ஜாதி, மகன், அடிமை, வேலைக்காரன், கூடப்பிறந்த தம்பி ஆகிய இவர்கள் குற்றம் செய்தால் கயிற்றாலாவது மூங்கில் பிளாச்சாலாவது அடிக்கலாமென்றும், முதுகில்தான் அடிக்க வேண்டும், தலையில் அடிக்கக் கூடாதென்றும் சொல்லியிருக்கின்றது. மனுவின் கருணையே கருணை!

இந்த ஜாபிதாவை வாசகர்கள் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டுகின்றோம். அடிமையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1843ஆம் வருஷத்து ஐந்தாவது சட்டம், சுதந்திர மனிதனுக்குச் செய்தால் எது குற்றமோ அதை அடிமை என்கின்ற சாக்கில் ஒருவனுக்குச் செய்தாலும் குற்றமே என்று சொல்லிவிட்டது. பெண்ஜாதியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 1891ல் கோர்ட்டு, புருஷனுக்கு மனைவியை அடிக்கவும் அடைத்து வைக்கவும் அதிகாரமில்லை என்றது. நாம் 1929ல் செங்கற்பட்டு மாநாட்டில் பெண்களுக்குச் சம சொத்துரிமை கேட்டபோது நம்மைக் குடும்பத்தைக் கெடுப்பவர்கள் என்று சொன்ன தேசத்திலேயே 2005ல் குடும்ப வன்முறைச் சட்டம் வந்துவிட்டது. வேலைக்காரனை இன்று எஜமானன் அடித்தால் போலீஸ் ஸ்டேஷன் இருக்கின்றது. ஆக மனுவின் ஐந்து பேரில் நான்கு பேர் தப்பித்துக்கொண்டார்கள். மிச்சமிருப்பது மகன் ஒருவன்தான். மகள் அந்த ஜாபிதாவில் பெயரோடு இல்லாவிட்டாலும் அடி வாங்குவதில் அவளுக்குக் குறைவு வைப்பதில்லை.

ஏன் இது மாத்திரம் மிஞ்சிற்று? அடிமைகள் கலகம் செய்தார்கள். தொழிலாளர்கள் சங்கம் வைத்தார்கள். பெண்கள் மாநாடு கூட்டினார்கள்; ஓட்டு வாங்கினார்கள். குழந்தை என்ன செய்யும்? அதற்கு ஓட்டும் இல்லை, சங்கமும் இல்லை, பத்திரிகையும் இல்லை. அதைவிட விசேஷம் என்னவென்றால், கீழ்ஜாதி என்று தாழ்த்தப்பட்டவன் சாகும் வரையில் அப்படியே வைக்கப்பட்டிருப்பதால் அவனுக்கு நாளாக நாளாக ரோஷம் சேருகின்றது. குழந்தையோ எதிர்த்துப் பேசக்கூடிய வயது வந்தவுடன் அடி வாங்கும் ஜாதியை விட்டு விலகி அடிக்கின்ற ஜாதியில் சேர்ந்துவிடுகின்றது. சேர்ந்ததும் முதல் வேலையாக, "என்னை அன்றைக்கு வாத்தியார் அடித்ததனால்தான் இன்றைக்கு உருப்பட்டேன்" என்று சர்டிபிகேட் கொடுக்கின்றது. உலகத்தில் வேறெந்த அக்கிரமத்திற்கும் இப்படி அதை அனுபவித்தவர்களே பிற்காலத்தில் வக்கீலாக வந்து நின்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஒருவேளை மாமியார்க் கொடுமையை வேண்டுமானால் பக்கத்தில் வைக்கலாம்.

மதம் சொன்னதைச் சட்டம் எப்படி வாங்கிக்கொண்டது என்பதற்கு 1860ஆம் வருஷத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்லுகின்றோம். இங்கிலாந்தில் ஈஸ்ட்போர்ன் என்னும் ஊரில் தாமஸ் ஹாப்லி என்கின்ற உபாத்தியாயர், பாடம் வராத 15 வயதுப் பையனொருவனைத் தகப்பனுக்குக் கடிதம் எழுதிச் சம்மதம் வாங்கிக்கொண்டு, தடியாலும் கயிற்றாலும் ஒரு ராத்திரி அடித்தார். விடியும்போது பையன் பிணமாய்க் கிடந்தான். ஹாப்லிக்கு நான்கு வருஷம் கடுங்காவல் கிடைத்தது. ஆனால் அந்த விசாரணையில் பிரதம நியாயாதிபதி சொன்னது என்ன தெரியுமா? பிள்ளையிடத்திலுள்ள தீமையைப் போக்குவதற்காகத் தகப்பனும் உபாத்தியாயரும் "மிதமாகவும் நியாயமாகவும்" அடிக்கலாம். ஹாப்லி அந்த அளவை மீறிவிட்டார் என்பது. அதாவது, செத்துப்போன ஒரு பையனின் வழக்கிலிருந்து, உயிரோடிருக்கும் பிள்ளைகளை அடிக்கும் உரிமையைச் சட்டம் கண்டெடுத்தது!

அதே 1860ல் இந்தியாவுக்குச் செய்த பீனல் கோடின் 89ஆவது பிரிவு, 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகப் பெற்றவரோ அவர் சம்மதத்தின் பேரில் மற்றவரோ நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது என்றது. அதில் அடி என்கின்ற வார்த்தை கிடையாது. நல்லெண்ணம் என்கின்ற வார்த்தை இருக்கின்றது, அது போதாதா? 2024 ஜூலையில் பீனல் கோடை எடுத்துவிட்டு, வெள்ளைக்காரன் சட்டம் ஒழிந்தது என்று சமஸ்கிருதப் பெயரில் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தப் பிரிவு அப்படியே 27ஆவது பிரிவாக உட்கார்ந்திருக்கின்றது. நம்பரும் பெயரும் மாறியதுதான் மிச்சம்.

"மிதமான அடி" என்பது எவ்வளவு மிதமானது என்பதற்கு ஒரு அளவு. இங்கிலாந்தில் 9 வயதுப் பையனொருவனை மாற்றாந்தகப்பன் தோட்டத்துக் குச்சியால் பலமுறை பலமாய் அடித்த வழக்கில், ஜூரிகள் அது நியாயமான தண்டனைதான் என்று அவனை விட்டுவிட்டார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு 1998ல் தலையிட்டுப் பிரிட்டிஷ் சர்க்காரைக் கண்டிக்க வேண்டி வந்தது. பிறகு ஸ்காத்லாந்து 2020ல் அந்த "நியாயமான அடி"யை ஒழித்தது; வேல்ஸ் 2022ல் ஒழித்தது. இங்கிலாந்து 2004ஆம் வருஷத்துச் சட்டத்தில் அடையாளம் பதியாத அளவுக்கு அடிக்கலாம் என்கின்ற மாதிரி ஒரு மூலையை விட்டு வைத்தது. அமெரிக்காவின் காரியம் இன்னும் விநோதமானது. மயாமி நகரத்துப் பள்ளிக்கூடமொன்றில் 14 வயதுப் பையனை மேஜை மேல் குப்புற அமுக்கிப் பிடித்துக்கொண்டு மட்டையால் 20 அடிக்கு மேல் அடித்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு 1977ல், கொடுந்தண்டனையைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தம் குற்றவாளிகளுக்காக ஏற்பட்டது, பள்ளிப் பிள்ளைகளுக்கு அது செல்லாது என்று ஐந்துக்கு நான்கு ஓட்டில் சொல்லிற்று. ஆர்கன்ஸா ஜெயிலில் கைதியை வாரால் அடிக்கக் கூடாதென்று 1968லேயே ஒரு கோர்ட்டு தடுத்திருந்தது. ஆகவே அடிபடாமலிருக்க ஆசைப்படும் பையன் முதலில் ஏதாவது குற்றம் செய்து ஜெயிலுக்குப் போக வேண்டும் போலும்! 1989ல் ஐக்கிய நாடுகள் சபை செய்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை உலகத்து நாடுகளெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், அதை ஊர்ஜிதம் செய்யாத ஒரே தேசம் அந்த அமெரிக்காதான். பெற்றோரின் அதிகாரம் போய்விடும் என்று அங்கே கூச்சல் போடுவதில் மதவாதிகளுக்கு முதல் இடம்.

இதற்கெல்லாம் மாறாக ஒரு நாடு என்ன செய்தது என்று பாருங்கள். ஸ்வீடன் 1979ல் வீட்டிலும் பிள்ளைகளை அடிக்கக் கூடாதென்று உலகத்திலேயே முதன்முதலாகச் சட்டம் செய்தது. பார்லிமெண்டில் ஆதரவு 259, எதிர்ப்பு 6. அந்த விதியில் அபராதமும் இல்லை, ஜெயிலும் இல்லை. ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமென்பதற்காகப் பால் அட்டைப் பெட்டிகளின் மேல் சட்டத்தை அச்சிட்டு வீடுதோறும் காலை ஆகாரத்தோடு மேஜைக்கு அனுப்பினார்கள். அங்கும் ஒரு கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த பெற்றோர்கள் எங்கள் வேதம் அடிக்கச் சொல்லுகின்றதே என்று ஐரோப்பிய மனித உரிமைக் கமிஷனுக்குப் போய் 1982ல் வெறுங்கையோடு திரும்பினார்கள். இன்று 65க்கு மேற்பட்ட நாடுகள் அந்த வழிக்கு வந்துவிட்டன. நம் பக்கத்து நேபாளம் 2018ல் வந்தது. இந்தியாவில் 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பள்ளிக்கூடத்தில் அடிப்பதைத் தடுத்திருக்கின்றது. வீட்டுக்குள் அடிப்பதை முற்றிலும் தடுக்கும் சட்டம் இன்னும் இல்லை. 1843ல் அடிமைக்குக் கிடைத்தது, சொந்த வீட்டில் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

அடியாத மாடு படியாது என்பார்கள். அது மாட்டுக்குச் சொன்னது. அதுவும் மாட்டுக்காரன் சொன்னது. முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பார்கள். முருங்கையை ஒடிப்பது நமக்குக் காய் வேண்டுமென்பதற்காக. பிள்ளை நம் குழம்புக்காகவா பிறந்திருக்கின்றது? திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் கோதண்டம் என்று பையனைக் கயிற்றில் தொங்கவிட்டு அடித்தார்கள். பிள்ளையார் முன்னால் பக்தியென்று போடும் தோப்புக்கரணத்தையே பள்ளிக்கூடத்தில் தண்டனையென்று போடச் சொன்னார்கள். இவ்வளவு அடித்தும் இந்தத் தேசம் எந்தத் தேசத்தைக் காட்டிலும் அறிவிலும் ஒழுக்கத்திலும் முந்திவிட்டதாகச் சொல்ல யாராவது முன்வருவார்களா? அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 75 ஆராய்ச்சிகளில் வந்த 1,60,000க்கு மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2016ல் வெளியிட்டார்கள். சும்மா கையால் அடிக்கும் அடியைப் பற்றிய ஆராய்ச்சிதான். அவர்கள் பார்த்த 17 பலன்களில் 13ல் அடிபட்ட பிள்ளைகளின் நிலை மோசமாகவே காணப்பட்டது. நன்மை என்று சொல்லத்தக்கது ஒன்றும் அகப்படவில்லை.

இனி நம்மவர்களிடம் ஒரு வார்த்தை. இந்திய சர்க்கார் 2007ல் 13 மாகாணங்களில் 12,000க்கு மேற்பட்ட பிள்ளைகளை விசாரித்து வெளியிட்ட அறிக்கையில், மூன்றில் இரண்டு பிள்ளை அடி உதைபட்டதாக இருக்கின்றது. குடும்பத்தில் அடிபட்டவர்களில் 100க்கு 88 பேருக்கு மேல் அடித்தது பெற்ற தாய் தகப்பன்மார்களே. பார்ப்பானும் அல்ல, பாதிரியும் அல்ல, போலீஸ்காரனும் அல்ல. இந்தத் தாய் தகப்பன்மார்களில் சுயமரியாதைக்காரர் எவரும் இல்லையென்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா? ஜாதி ஆணவத்தையும் புருஷ ஆணவத்தையும் மேடையில் கிழித்தெறிந்துவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து, எதிர்த்துக் கேள்வி கேட்டான் என்பதற்காக எட்டு வயதுப் பையனைச் செருப்பால் அடிக்கும் தோழர் என்ன சமாதானம் சொல்லுவார்? "என் பிள்ளை, நான் அடிப்பேன்" என்பார். "என் பெண்டாட்டி", "என் பண்ணையாள்" என்று முன்னே சொன்னவர்களுக்கு நாம் என்ன பதில் சொன்னோமோ அதே பதில்தான் இவருக்கும். எதையும் ஏன், எதற்கு என்று கேள் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவர் வீட்டில், அந்தக் கேள்வியை முதலில் கேட்கப் போவது குழந்தைதான். அதற்கு முதுகில் பதில் கொடுத்தால் அந்தப் பிள்ளை நாளைக்குப் பூசாரியிடத்திலும் கேட்காது, மந்திரியிடத்திலும் கேட்காது.

சட்டம் செய்து ஒவ்வொரு தகப்பனையும் ஜெயிலில் போட முடியுமா என்று ஒரு நண்பர் கேட்கின்றார். ஸ்வீடன் யாரையும் அந்த விதிக்காக ஜெயிலில் போடவில்லை. தெரிய வைத்தது, அவ்வளவுதான். நமது மாகாணத்தில் தினமும் லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஆவின் பால் உறை போகின்றது. அதன் மேல் ஏதேதோ விளம்பரங்கள் அச்சிடுகின்றார்கள். பிள்ளைகளை அடிக்காதீர்கள் என்று ஒரு வரி சேர்த்து அச்சிட சர்க்காருக்கு மையைத் தவிர வேறென்ன செலவு?