வெளிநாட்டுப் படிப்பும் வாயடைக்கும் பயமும்

நோட்டன் பிரிட்ஜை அண்டிய தோட்டமொன்றில், வெளிநாட்டில் படிக்க விரும்பும் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் உயர்தரம் முடித்த மாணவி ஒருத்தி இருக்கிறாள். எழுதினால் பிழை குறைவு; வாசித்தால் விளங்கிக்கொள்வாள். ஆனால், "உன் ஊரைப் பற்றிச் சொல்" என்று ஆங்கிலத்தில் கேட்டால் தலை குனிந்துவிடும். நோட்டன் அணையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குச் சொல்ல விடயம் இல்லாமல் இல்லை.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், படிப்புக்காக நாட்டை விட்டுப் போவது நகரத்து வசதியானவர்களின் கனவாக மட்டும் இல்லை. லயன் அறைகளிலும் அதே பேச்சுத்தான். அந்தப் பயணத்தின் முதல் வாசல் பெரும்பாலும் ஐ.ஈ.எல்.டி.எஸ். போன்றதொரு பரீட்சை. அதன் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடங்கள். முன்பின் தெரியாத பரீட்சகரின் முன் வாய் திறந்தாக வேண்டும்.

இந்தப் பயத்தைப் பற்றி ஆய்வுகள் பல உண்டு. 1986இல் எலேன் ஹோர்விட்ஸும் அவரது சகாக்களும் இதை அளவிட 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். பேசத் தயங்குவது, பரீட்சைப் பயம், பிறர் குறைவாக எடைபோடுவார்களோ என்ற அச்சம் ஆகிய மூன்றோடும் இது தொடர்புடையது என்றார்கள். ஸ்பார்க்ஸ், கன்ஷோ என்ற ஆய்வாளர்கள் இதை மறுத்தார்கள். மொழித்திறனில் உள்ள குறையே முதற்காரணம், பயம் அதன் விளைவு என்பது அவர்களின் வாதம்.

எங்கள் பிள்ளைகளைப் பார்க்கும்போது இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று நினைக்கிறேன்: பேசிப் பழக இடம் கிடைக்கவில்லை. பாடசாலை ஆங்கிலம் பெரும்பாலும் எழுத்துப் பரீட்சையை நோக்கியே ஓடுகிறது.

அந்த அளவுகோல் வகுப்பறையைத்தான் கேட்கிறது. எங்கள் பயம் வகுப்பறையில் தொடங்கவில்லை. தோட்டத்தில் ஆங்கிலம் துரையின் மொழி. அதற்கு முன்னால் கைகட்டி நிற்கத்தான் எங்கள் முன்னோர் பழக்கப்பட்டார்கள். 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியானது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிய பின்னரும், விளங்காத கடிதத்தோடு அலுவலக வாசலில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபடி, புரியாத மொழியில் கேட்ட கேள்விக்குப் பதில் தேடி நின்ற வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஒரு சொல் பிழைத்தால் சிரிப்பு மட்டுமல்ல, ஆபத்தும் வரும் என்று படித்த சமூகம் நாங்கள். பெற்றோரின் மௌனம் பிள்ளைகளிடமும் வந்திருக்கிறது.

இந்த மௌனத்துக்கு விலையும் உண்டு. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா. கனடாவோ, மாணவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணத்தை 2024 ஜனவரியில் 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராக உயர்த்தியது. அதே மாதம் பிரித்தானியா, பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்வதை நிறுத்தியது. வாசல் ஒடுங்க ஒடுங்க, பேச்சுப் பரீட்சையில் ஒருமுறை தவறுவது அடகு வைத்த நகையை மூழ்கடிக்கும் விடயமாகிறது. "இன்னொரு வகுப்பு, இன்னொரு பரீட்சை" என்று பணம் கேட்பவர்களுக்கு இந்தப் பயமே முதல்.

என் வகுப்பில் இப்போது ஒரு விதி: பேசி முடிக்கும்வரை யாரும் திருத்துவதில்லை, யாரும் சிரிப்பதில்லை. பிழைகளைப் பிறகு எல்லோருமாகச் சேர்ந்து பார்க்கிறோம். போன ஞாயிறு அந்த மாணவி அணையைப் பற்றி மூன்று நிமிடம் பேசினாள். பிழைகள் இருந்தன. ஆனால் நிறுத்தவில்லை.

இதற்குப் பெரிய செலவில்லை. தோட்டப் பாடசாலைகளில் வாரத்துக்கு ஒரு பாடவேளையைப் பேச்சுக்கென்று ஒதுக்கலாம். புலம்பெயர்ந்த உறவுகள் பரீட்சைக் கட்டணத்தோடு வாரம் ஒரு மணி நேரத்தையும் அனுப்பலாம். தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசினாலே போதும். போகிற பிள்ளைக்கு அது உதவும். போகாமல் இங்கேயே இருக்கிற பிள்ளைக்கும் தலை நிமிர்ந்து பேச வரும்.