வெற்றிலை சப்பும் மீனுக்கு ஜாம் போத்தல் வேண்டாம்

மழை விட்டால் போதும், நம் பிள்ளைகள் வலையும் ஜாம் போத்தலுமாக ஓடைக்கு இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் தேடிப் போவது ‘புலத் ஹபயா’. சிங்களத்தில் வெற்றிலை சப்புகிறவன் என்று அர்த்தம். முட்டையிடும் காலத்தில் ஆண் மீனின் முன்பாதி வெற்றிலை போட்ட வாய் போலச் சிவக்கும், பின்பாதி கறுக்கும். பெயர் வைத்தவர் நல்ல ரசிகர்தான்.

இந்த மீனின் பிறந்த ஊர் இலங்கை மட்டுமே. அதிலும் களனி கங்கைக்கும் நில்வளா கங்கைக்கும் இடைப்பட்ட ஈரவலயம். நமது களு கங்கையும் பெந்தர கங்கையும் அதற்குள்தான் வருகின்றன. வெளிநாட்டுக்காரர் ‘பிளாக் ரூபி பார்ப்’ என்று பண்ணையில் பெருக்கியதை வாங்கி வளர்க்கிறார்கள். வீட்டுக்குப் பின்னாலேயே ஓடை உள்ள நாமோ அள்ளிக்கொண்டு வருகிறோம். ஏற்கெனவே மரம் வெட்டி நிழல் போன ஓடைகள், மண் கரைந்து கலங்கிய ஓடைகள். அதிலிருந்தும் நன்றாகச் சிவந்த ஆணாகப் பார்த்துப் பிடித்தால், அடுத்த தலைமுறைக்கு எது மிஞ்சும்?

பிடித்து வந்தும் பலன் இல்லை. பயந்த மீன் நிறம் வெளுத்துவிடும். இது நிழலுக்கும் குளிர்ந்த நீருக்கும் பழகிய கூட்டத்து மீன். ஆறு மீனாவது சேர்ந்திருக்க வேண்டும். இரண்டரை அடித் தொட்டி, அடியில் கறுத்த மணல், மேலே மிதக்கும் செடி, மங்கலான வெளிச்சம். இவ்வளவும் இருந்தால்தான் அந்தச் சிவப்பு வரும். ஓடையில் பாசி மேய்கிற மீன் இது, கடைத் தீனி மட்டும் போதாது. அவித்த கீரையும் கொஞ்சம் போடுங்கள்.

ஆகவே வளர்க்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பண்ணையில் பெருக்கிய மீனா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அலுத்துப் போனால் எந்தத் தொட்டி மீனையும் ஓடையில் விடாதீர்கள். பாவம் பார்த்து யாரோ விட்ட ‘டேங்க் கிளீனர்’ இன்று நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது.

பண்ணையில் வாங்கிய ஆறு மீன்கள் போன தவணை எங்கள் வகுப்புத் தொட்டியில் முட்டையிட்டன. தாய் மீனே முட்டையைத் தின்றுவிடும் என்பதால் பிள்ளைகள் பெரிய மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றினார்கள். இப்போது குஞ்சுகளுக்கு இடம் போதவில்லை. தொட்டி ஆயத்தமாக உள்ளவர்கள் மூடியுள்ள வாளியோடு வாருங்கள், தருகிறோம். ஜாம் போத்தலோடு வந்தால் தர மாட்டோம்.