மலையை மனப்பாடம் செய்த ஆடுகள்

முல்லைத் திணையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். ஆயர், கோவலர், இடையர் என்று பெயர்களை அடுக்குவோம். ஆட்டுக்கிடை ஒன்றில் ஓரிரவேனும் தங்கியதில்லை. இக்குறையோடுதான் ஜேம்ஸ் ரீபேங்க்ஸ் எழுதி 2015-இல் வெளிவந்த 'தி ஷெப்பர்ட்ஸ் லைஃப்' நூலைப் படித்தோம். வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் தலைமுறைகளாக ஆடு வளர்க்கும் குடும்பத்தவர் அவர். நூலின் நயங்களை விடுத்து, அது நம்முள் கிளப்பிய ஒரு வழக்கை மட்டும் இங்கே பேச விழைகிறோம்.

அம்மலைகளில் மேய்பவை பெரும்பாலும் ஹெர்ட்விக் என்னும் செம்மறிகள். பிறக்கையில் கருங்குட்டி, வளர வளர மயிர் சாம்பல் நிறம் கொள்ளும். பனிக்கும் காற்றுக்கும் அஞ்சாதவை. உயர்ந்த சரிவுகளில் பலவிடத்து வேலியே கிடையாது. ஆயினும் ஒவ்வொரு மந்தையும் தன் பகுதியிலேயே மேய்கிறது. தாயின் பின்னே திரிந்த முதற்கோடையிலேயே குட்டி தன் சரிவை அறிந்துகொள்கிறது. பின்னாளில் தன் குட்டிக்கு அதையே கற்பிக்கிறது. இதனை 'ஹெஃப்டிங்' என்பர். (அவ்வூர்களில் ஆடுகளை 'யான், டான், டெதெரா' என்று எண்ணும் பழைய வழக்கும் உண்டு. வேர்ச்சொல் ஆராயப் புகும் நண்பர்கள் பொறுத்தருள்க. நம் 'யான்' வேறு, அது வேறு.)

ஆகவே பண்ணை கைமாறும்போது மந்தையும் மலையோடு சேர்ந்தே கைமாறுவதுண்டு. முயல் கதைகளால் புகழ்பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர் பிற்காலத்தில் ஹெர்ட்விக் வளர்ப்பில் தேர்ந்தவர். 1943-இல் அவர் மறைந்தபின் அவருடைய பண்ணைகள் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குச் சென்றன. அங்கே ஹெர்ட்விக் மந்தைகள் தொடர வேண்டும் என்பது அவர் விருப்பம். கதைகளைவிட இவ்விருப்பமே அவருடைய பெரிய கொடை என்று நமக்குத் தோன்றுகிறது.

2001-இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியது. அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. மிகக் கடுமையாக அடிபட்டது ஏரி மாவட்டத்தை உள்ளடக்கிய கம்பிரியா. குளிர்காலத்துக்காகத் தாழ்நிலத்துக்கு அனுப்பப்பட்டிருந்த ஹெர்ட்விக் இளம் ஆடுகள் பலவும் மலை திரும்பவில்லை. இழப்பீட்டுப் பணத்தில் ஆடு வாங்கலாம். அந்த மலையை அறிந்த ஆட்டை வாங்க முடியாது.

ஆடுகளே மலையை மொட்டையடித்தன, அவற்றை இறக்கிவிட்டுக் காட்டை வளரவிடுங்கள் என்று வாதிடுவோர் உண்டு. ஜார்ஜ் மான்பியாட் 2013-இல் வெளியிட்ட 'ஃபெரல்' நூலில் இதனை உரத்துச் சொன்னார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. தலையெண்ணி மானியம் தந்த காலத்தில் மந்தைகள் அளவுமீறிப் பெருத்தன. இளமரங்கள் தலையெடுக்க வழியில்லாமற் போயிற்று. எனவே எண்ணிக்கை குறையட்டும். ஆடு தீண்டாத முரட்டுப்புல்லைத் தின்னவும் புதரை மிதித்து அடக்கவும் மாடுகளும் மலைக்குதிரைகளும் சில ஏறட்டும். இவ்வளவுக்கும் நாம் உடன்படுகிறோம்.

முற்றாக இறக்குவதற்கு மட்டும் உடன்பட இயலவில்லை. மரம் நட்டால் வளரும், வேண்டாமெனில் வெட்டலாம். அறுந்த மந்தையை மீண்டும் மலைக்குப் பழக்குவதோ வேறு கதை. தற்காலிக வேலியிட்டு, நாயும் ஆளுமாக நாள்தோறும் ஏறி, விலகும் ஆடுகளைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 2001-க்குப் பின் சிலர் அதைச் செய்தார்கள். மயிர் விற்ற பணம் கத்தரிக்கும் கூலிக்கே போதாத தொழிலில், இன்னொரு முறை அதைச் செய்ய யார் முன்வருவார்கள்?